புதன்கிழமை விரதம்

1

என் பேத்தி ஆரணிக்குப் பதினாறு வயது. அவளுக்குத் தடுமாறாமல் வருகிற தமிழ் வசனம் ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு இண்டைக்கு விரதம்." சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்டால் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை என்றுதான் நினைப்பீர்கள். பிறந்தது லண்டன் குரொய்டனில்.

சில வாரங்களாக அந்த வசனத்தை அவள் என்மீதே பயன்படுத்தி வந்தாள். காலையில் தேநீர் போட்டு வைத்தால், "எனக்கு இண்டைக்கு விரதம்." தோசை சுட்டால் விரதம். தோர்ண்டன் ஹீத் கடைத்தெருவில் அவளுக்குப் பிடித்த மிக்சரைத் தேடி வாங்கி வந்து மேசையில் வைத்தால், அதற்கும் விரதம். பிறகு என் கண் முன்னாலேயே அலுமாரியைத் திறந்து, சீரியலைக் கொட்டி, பால் ஊற்றிச் சாப்பிடுவாள். என் கையால் எதுவும் வேண்டாம் என்பதுதான் பொருள்.

நான் இருப்பது மகள் வீட்டில். மனைவி போனபின் மாடியில் உள்ள சின்ன அறை எனக்கென்று ஆகிவிட்டது. மகள் சுபாவுக்கு மருந்தகத்தில் ஷிப்ட் வேலை. மருமகன் விடிய முன் ரயிலேறுகிறவர். ஆகவே சாப்பாட்டு மேசையில் பெரும்பாலும் நானும் ஆரணியும்தான். ஊரில் இருந்து போனில் கதைக்கிறவர்கள், "பேத்தி தமிழ் கதைக்கிறாவோ?" என்று கேட்பார்கள். "ஓம், ஒவ்வொரு நாளும்" என்கிறேன். அதில் பொய் இல்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் சிலருக்குக் கோபம் வரும். சிலருக்குத் தங்கள் வீட்டு ஞாபகமும் வரக்கூடும்.

2

ஆரணியின் பாடசாலையில் மேல்வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு தடவை வறிய நாடொன்றுக்குக் கூட்டிப்போவார்கள். அதற்குப் பெயர் 'இம்மேர்ஷன்'. அகராதியில் பார்த்தேன், அமிழ்த்துதல், முக்கி எடுத்தல் என்று இருந்தது. இந்த முறை முக்கி எடுப்பதற்கு அவர்கள் தேர்ந்த நாடு இலங்கை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்.

பெற்றோர் கூட்டம் நடந்த அன்று சுபாவுக்கு வேலை. நான்தான் போனேன். ஆசிரியை இளம் பெண், நல்ல மனம். பிள்ளைகள் இருவர் இருவராக ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டில் ஒரு வாரம் பகல் முழுவதும் இருப்பார்கள், அந்த வீட்டார் சாப்பிடுவதையே சாப்பிடுவார்கள், இல்லாமை என்றால் என்ன என்பதை உடம்பால் அறிவார்கள் என்று விளக்கினார். இரவில் அங்கே தங்க முடியாது, பாதுகாப்பு விதி. மாலை ஐந்து மணிக்கு வான் வந்து, சுடுதண்ணீர் வருகிற விடுதிக்கு ஏற்றிக்கொண்டு போகும். காலையில் முக்கி, மாலையில் எடுத்து, துவட்டி வைக்கிற ஏற்பாடு.

வாளியில் தண்ணீர் நிரப்பிக் கோப்பையால் அள்ளி ஊற்றிக் குளிப்பது எப்படி என்று கையால் நடித்துக் காட்டினார். மண்டபத்தில் பாதிப்பேர் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் அப்படிக் குளித்து வளர்ந்தவர்கள். எல்லோரும் மரியாதையாகக் கவனித்தோம். பக்கத்தில் இருந்த கானாக்காரர் என் காதுக்குள் சொன்னார்: "இந்த வாளியிலிருந்து தப்பித்தானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம்."

பிறகு ஆபத்து மதிப்பீடு என்று ஒரு படிவம் கைக்குக் கை மாறி வந்தது. அந்த நாட்டில் என்னால் பாதுகாப்பாக இருக்க முடியாது என்று இந்த நாட்டு அதிகாரிகளுக்கு நிரூபிக்க எனக்கு வருடக்கணக்கு எடுத்தது. மேன்முறையீடு, மறு மேன்முறையீடு, மொழிபெயர்ப்பாளர், வைத்தியர் கடிதம். பாடசாலையோ அது பாதுகாப்பான நாடு என்பதை ஒரே பக்கத்தில் நிரூபித்துவிட்டது. அட்டைக்கடி மட்டும் 'நடுத்தரம்'.

கூட்டம் முடிந்ததும் ஆசிரியை முகம் மலர என்னிடம் வந்தார். "நீங்கள் அங்கிருந்து வந்தவர்தானே?"

"இல்லை இல்லை, அந்தப் பகுதி இல்லை" என்றேன் அவசரமாக. "நாங்கள் வடக்கு. அவர்கள் வேறு."

அவர் அப்படி எதையும் கேட்கவில்லை. அவருக்கு அது ஒரே தீவு. அந்த அவசரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருக்கலாம். கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

3

நான் ஊரில் புவியியல் ஆசிரியன். தேயிலைக்கு எத்தனை அங்குல மழை வேண்டும், எந்த உயரத்தில் வளர்ந்தால் சுவை கூடும் என்பதையெல்லாம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன். பறிக்கிற கைகளைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்தது: 'தென்னிந்தியத் தொழிலாளர்.' நானும் அந்த ஒரு வரியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஆரணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நுளம்பு வலை, தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற குளிசை, அட்டை ஏறாத காலுறை. நான் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன்.

"பிள்ளை, அந்த வீடுகளிலை சாப்பிடக் கேப்பினம். சாப்பிடாதை. தண்ணியும் குடியாதை."

"ஏன் அம்மப்பா?"

"வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது."

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் கதைப்பது ஆங்கிலம், நான் எழுதுவது தமிழ். வாசிக்கும்போது நினைவில் வையுங்கள். "சாப்பிட மறுத்தால் அவர்களுக்கு மனம் நோகாதா?"

"நோகாமல் சொல்ல ஒரு வழி இருக்கு. 'எனக்கு இண்டைக்கு விரதம்' எண்டு சொல்லு. ஒருத்தரும் வற்புறுத்தமாட்டினம்."

சொல்லிப் பார்த்தாள். திருத்தினேன். மறுபடியும் சொன்னாள். ஸ்ட்ரெதமில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளை இழுத்துக்கொண்டு திரிந்த வருடங்களில் ஒரு நாளும் அவள் இப்படி விருப்பத்தோடு ஒரு வசனத்தைப் பழகியதில்லை. ரகரமும் தகரமும் வாயில் வந்து இருந்தன. அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது.

அவளை எங்கே அனுப்புகிறேன், எதைக் கொடுத்து அனுப்புகிறேன் என்பதை அந்தச் சந்தோசம் மூடிவிட்டது.

4

அவர்கள் திரும்பி வந்து சில நாட்களில் பாடசாலையில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் தாங்கள் கண்டதைப் பெற்றோருக்குச் சொல்லுகிற கூட்டம். சமோசாவும் ஆரஞ்சுச் சாறும் இருந்தன. முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

படங்கள் திரையில் ஓடின. பச்சை மலை. கூடை சுமந்த பெண்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் நாய். பிறகு ஒரு படத்தில் ஆசிரியை நிறுத்தினார்.

சிமெந்துத் தரையில் மூன்று பிள்ளைகள் சுவரில் சாய்ந்து இருக்கிறார்கள். நடுவில் ஆரணியின் வெள்ளைக்காரத் தோழி ஒலிவியா; கையில் ரொட்டி, கடைவாயில் சம்பல். ஒரு பக்கத்தில் ஆரணி. மறுபக்கத்தில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை, ஆரணியின் வயதுதான் இருக்கும். இருவருக்கும் முன்னால் தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"இந்த மக்களிடம் மிகப் பழமையான விரத மரபு ஒன்று இருக்கிறது" என்றார் ஆசிரியை. "கடும் உழைப்பு நாட்களிலும் மதிய உணவைத் துறக்கிறார்கள். எங்கள் ஆரணி தானும் அவர்களோடு சேர்ந்து நோன்பிருந்தாள். இந்தப் பயணத்தின் உச்சம் என்று நான் நினைப்பது இதைத்தான்."

மண்டபம் கைதட்டியது. எனக்குப் பின்னால் ஒருவர், "எவ்வளவு அழகு" என்றார்.

மேடையில் நின்ற ஆரணி சிரிக்கவில்லை. அத்தனை பேருக்குள்ளும் அவள் என்னை மட்டும் பார்த்தாள். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியாமலே என் கைகள் நின்றுவிட்டன.

5

திரும்பும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தோம். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் செல்வராணி. கொழுந்து பறிக்கிறவர். கணவருக்குக் கொழும்பில் கடையொன்றில் வேலை. மகள் பிரியா. விருந்தாளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டுப் போவதற்காகச் செல்வராணி மத்தியானம் மலையிலிருந்து வேகமாக இறங்கி வருவாராம். முதல் நாள், திங்கட்கிழமை, ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினார். ஆரணி என் வசனத்தைச் சொன்னாள்.

"நீட்டிய கை அப்படியே நின்றது அம்மப்பா. பிறகு, 'என்ன விரதம் பாப்பா?' என்று கேட்டா. அதற்கு மறுமொழி நீங்கள் சொல்லித் தரவில்லை."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓம் என்று சொன்னேன்."

திங்கட்கிழமை என்றபடியால், சிவனுக்கு இருக்கிற விரதம் என்று செல்வராணியே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்துப் பக்கத்து வீட்டாருக்குச் சொன்னாராம். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று இரண்டு மூன்று பெண்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆரணிக்கு நல்ல பசி. ஒலிவியாவின் தட்டிலிருந்து வந்த வாசனையில் வாய் ஊறியது. ஆனால் முதல் நாள் சொன்னதை எப்படி மாற்றுவது? மாற்றுவதற்கு அவளிடம் வேறு தமிழ் இல்லை. அதையே சொன்னாள். அம்மனுக்கு என்று செல்வராணி விளக்கம் சொன்னார். அன்று பிரியா, "அக்கா இருக்கிற மாதிரி நானும் பரீட்சைக்கு நேர்ந்து இருக்கிறேன்" என்று தன் தட்டையும் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைகள் இருவரும் சாப்பிடாமல் இருக்கும்போது தாய் மட்டும் சாப்பிடுவாளா? செல்வராணி வெறும் தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி மலையேறினார்.

சாப்பிட்டது ஒலிவியா மட்டும். வெள்ளைக்காரப் பிள்ளை விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட, தமிழ்ப் பிள்ளைகள் இரண்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஐந்து மணிக்கு வான் வந்து ஆரணியை விடுதிக்குக் கொண்டுபோகும். அங்கே அவளுக்குப் பாஸ்டா இருக்கும். பிரியாவுக்கும் செல்வராணிக்கும் வான் வரவில்லை.

"புதன்கிழமையும் சொன்னேன்" என்றாள் ஆரணி. "அன்றைக்கு எந்தச் சாமி என்று அவவாலும் சொல்ல முடியவில்லை. தட்டைக் கவிழ்த்தா. பின்னேரம் பிரியா தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய்த் தலைசுற்றிப் படியில் இருந்துவிட்டாள். வியாழக்கிழமை நான் ஒலிவியாவின் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தேன். அவ என்னைப் பார்த்தா. பிறகு என் தட்டை நிமிர்த்தி இன்னொரு ரொட்டி வைத்தா. ஒரு வார்த்தை கேட்கவில்லை."

பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றது. படியில் இறங்கும்போது முன்னால் போனவள் திரும்பி என் கையைப் பிடித்தாள். விழுந்துவிடுவேன் என்ற பயம். கீழே இறங்கியதும் விட்டாள்.

"நான் பொய் சொன்னேன் என்று அவவுக்குத் தெரியவேண்டும். என்னிடம் அந்தளவு தமிழ் இல்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்."

"சொல்லுறன்" என்றேன்.

6

சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மழை, சிக்னல் இருக்காது என்றேன். அடுத்த ஞாயிறு எனக்குத் தடிமன், இருமல். அதற்கடுத்த ஞாயிறு செவன் கிங்ஸில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. அங்கே போய், சாப்பாடு வரும்வரை, இந்த நாட்டில் எங்களை எப்படியெல்லாம் கீழாக நடத்தினார்கள் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஆரணி எதிரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தேநீரை நீட்டியபோதுதான் அந்த வசனம் முதன்முறையாக என்னிடம் திரும்பி வந்தது.

சுபா விசயத்தை அறிந்து ஒரு நாள் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது எண்டுதான் சாப்பிட வேண்டாம் எண்டனீங்களோ?"

"ஓம். வேறென்ன?"

"அப்ப ஹோட்டலிலை சாப்பிட வேண்டாம் எண்டு ஏன் சொல்லேல்லை? ரோட்டுக்கடையிலை சாப்பிட வேண்டாம் எண்டு சொன்னனீங்களோ? விடுதிச் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்தனீங்களோ?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினேன்.

"அந்த வீடுகள் எண்டுதானே சொன்னனீங்கள்" என்றாள் சுபா, குரல் உயர்த்தாமல்.

ஓம். அந்த வீடுகள் என்றுதான் சொன்னேன். என் தகப்பனார் மலைநாட்டில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வரும்போது கதை சொல்லுவார். தோட்டத்துச் சனம் அன்பானதுகள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சாப்பிடக் கூப்பிடுதுகள், எப்படித் தட்டிக்கழிப்பது? "வாசலிலை நிண்டபடி, எனக்கு இண்டைக்கு விரதம் எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன்." வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அதை நாங்கள் கெட்டித்தனம் என்று நினைத்தோம். ஒருவரையும் நோகடிக்காமல் விலகிக்கொள்கிற நயம் என்று நினைத்தோம். அந்த வசனம் என் வாயில் தயாராகக் கிடந்திருக்கிறது. பேத்தி கேட்டதும் வந்து விழுந்தது.

வயிறு ஒரு சாட்டு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டா. அவவின் நாய் மேசையில் ஏறி நக்கிய தட்டிலேயே கேக்கை வெட்டித் தந்தா. முழுவதையும் தின்றேன். வெள்ளைக்காரர் வீட்டில் சாப்பிட்டேன் என்று ஊருக்குக் கடிதமும் எழுதினேன். அன்றைக்கு என் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

7

போன ஞாயிறு மத்தியானம் ஆரணி என் அறைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் பிரியாவின் இலக்கத்தை அழுத்தி, போனை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அங்கே பின்னேரம். திரையில் பிரியாவின் முகம் வந்தது. பிறகு செல்வராணியின் முகம். தலையில் துண்டு கட்டியிருந்தார். நான் நினைத்ததைவிட வயது குறைவு.

"வணக்கங்க ஐயா. நல்லா இருக்கீங்களா? பாப்பா எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்கிறம். அங்கை மழையோ?"

"மழதாங்க. அட்டையும் கூடிப்போச்சு. அங்க வெயிலுங்களா?"

"இடைக்கிடை வெயில்." இப்படியே காலநிலையில் நின்றிருப்பேன். பழைய புவியியல் ஆசிரியன். ஆரணி முழங்கையால் இடித்தாள்.

"தங்கச்சி, உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும். ஆரணி அங்கை விரதம் எண்டு சொன்னவ. அவவுக்கு விரதம் ஒண்டும் இல்லை. உங்கட வீட்டிலை சாப்பிடக்கூடாது எண்டு நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தனான். பிள்ளையிலை பிழையில்லை."

பின்னால் ஒரு பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

"தெரியுங்க ஐயா" என்றார் செல்வராணி.

"எப்பிடி?"

"புதன்கெழம யாருங்க விரதம் இருப்பா?" திரைக்கு வெளியே பிரியா சிரித்தாள். தாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "மொத நாளே தெரியும். யாழ்ப்பாணத்துல இருந்து எங்க பக்கம் வர்ற ஐயாமாரு எல்லாம் அதத்தான் சொல்லுவாங்க. எங்கப்பா காலத்துலயே அப்புடித்தான். ஸ்கூலுக்கு வந்த மாஸ்டரு, தபால் கந்தோரு ஐயா, எல்லாரும். எப்ப கூப்புட்டாலும் விரதம். நாங்க எங்களுக்குள்ள சொல்லிச் சிரிச்சுக்குவோம். லண்டன்ல இருந்து வந்த புள்ளயும் அதயே சொல்லவும், சரி, வீட்டுல பெரியவங்க யாரோ இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

மலைநாட்டில் எத்தனையோ தபால் கந்தோர்கள். இருந்தாலும் எந்த ஊர்த் தபால் கந்தோர் என்று நான் கேட்கவில்லை.

"தெரிஞ்சுமோ நீங்கள் சாப்பிடாமல் மலையேறினீங்கள்?"

"புள்ள நெசமாவே பசியோட ஒக்காந்திருக்குதுங்களே. எனக்கு எப்புடி எறங்கும்? நீ பொய் சொல்றன்னு வந்த புள்ளகிட்ட சொல்லவும் முடியாது. அதுவா கை வைக்கட்டும்னு விட்டுட்டேன். பிரியாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. அவ நெசமாவே நேந்துக்கிட்டா."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி."

"சரிங்க" என்றார். "பரவாயில்லை" என்று சொல்லவில்லை, அதைக் கவனித்தேன். துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஊருப்பக்கம் வருவீங்கதானே? வந்தா இங்கயும் ஒரு நட வாங்க ஐயா. விரதமில்லாத நாளா பாத்து வாங்க."

ஆரணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன சொல்லுகிறா? எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருக்கிறேன். வைத்தியசாலை, கவுன்சில், நீதிமன்றம். சங்கடமான இடங்களை மெல்லக் கழித்துவிட்டுச் சொல்லுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று எதையும் கழிக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஐயாமார், மாஸ்டர், தபால் கந்தோர், தங்களுக்குள் சொல்லிச் சிரித்தது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தபால் கந்தோர் என்றால் உங்கள் அப்பாவைப் போலவா?"

"ஓம்."

கடைசியாக அந்த அழைப்பையும் சொன்னேன். ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களாக எங்கள் வீட்டில் நான் கேட்காத சிரிப்பு. அதைக் கேட்டுத் திரையில் செல்வராணியும் சிரித்தார், பிரியாவும் சிரித்தாள். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆரணியின் பக்கம் சரித்திருந்தபடியால் அவர்களுக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை வழமைபோல இரண்டு கோப்பை தேநீர் போட்டேன். ஒன்றை அவளுடைய பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே கவுன்சில் லொறி குப்பைத்தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. பின்னால் கதிரை இழுபட்டது. கோப்பை மேசையை விட்டு எழுகிற சத்தம், பிறகு வைக்கிற சத்தம்.

"அம்மப்பா," என்றாள், "சீனி காணாது."